நந்திக்கடலுக்கு ஒரு கயாக்

மார்ச் 10

சோழகம் (தென்மேல் காற்று) எழும்ப முதல், எங்கள் நந்திக்கடல் களப்பில் ஓட்ட ஒரு கயாக் வாங்கிவிட வேண்டும். துடுப்பால் வலிக்கிற ஒடுங்கிய சிறு வள்ளம்தான் கயாக். எதை வாங்குவது என்பதில்தான் இழுபறி. காலை உள்ளே நீட்டி இருக்கிற வகை வேண்டாம் என்பது மட்டும் தெளிவு. அது கவிழ்ந்தால் உள்ளே தண்ணீர் நிறைந்துவிடும். இறைக்காமல் ஓட ஏலாது. எங்களுக்கு 'சிற் ஒன் ரொப்' தான் சரி. முழுக்க மூடிய கூடு, அதன் தட்டில் இருக்கை. தட்டில் ஏறுகிற தண்ணீர் அடிவரை போகிற துளைகளால் வடிந்துவிடும். இருக்கிற இடம் எந்நேரமும் ஈரம்தான். முல்லைத்தீவு வெயிலுக்கு அது நல்லது.

மார்ச் 16

சித்தப்பாவிடம் போனில் படங்களைக் காட்டினேன். தெப்பத்தில் போய் நந்திக்கடலில் இறால் பிடிக்கிறவர். நிறம், கதிரை, தூண்டில் செருகும் குழாய் எதையும் அவர் கவனிக்கவில்லை. "காத்துக்கு எதிரா வருமோ, பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

கேட்கவேண்டிய கேள்வி அதுதான். வற்றாப்பளைக் கரையில் இறக்கினால் சோழகம் முதுகில் தள்ளி முள்ளிவாய்க்கால் பக்கம் சுகமாகக் கொண்டுபோய் விட்டுவிடும். திரும்பும்போதுதான் முகத்தில் அடிக்கும். 8 அடிக் குட்டைக் கயாக் துடுப்பை வலிக்கிற ஒவ்வொரு முறையும் மூக்கை இடமும் வலமும் ஆட்டும். இருக்கிற பலம் அதை நேராக்கவே போய்விடும். நீளம் கூடக் கூட நேராக ஓடும், வேகமும் வரும். ஆனால் 12 அடிக்கு மேலே போனால் பட்டா லொறியில் ஏற்றுவதும் முற்றத்தில் வைப்பதும் கரைச்சல். 10க்கும் 11க்கும் இடையில் தேடுவோம். அகலம் 30 அங்குலம் அளவில் இருந்தால் மகள் அசைந்தாலும் தாங்கும், துடுப்பும் தண்ணீருக்கு எட்டும்.

மார்ச் 23

சுமை. 'ஆகக்கூடியது 130 கிலோ' என்று எழுதியிருப்பதால் 130 ஏற்றலாம் என்று எடுக்கக்கூடாது. மிதக்கத்தான் செய்யும், ஆனால் தட்டுத் தாழ்ந்து, வடியவேண்டிய துளைகளாலேயே தண்ணீர் மேலே ஏறும். எழுதியதில் மூன்றில் இரண்டு பங்குதான் வசதியான சுமை என்பது பொதுவான கணக்கு. நான் 66, மகள் 23, தண்ணீரும் சாப்பாட்டுப் பையும் 6. மொத்தம் 95. 130 கிலோக் கயாக்குக்கு 87க்கு மேல் கூடாது. 160 கிலோ என்றால் 107, அது போதும்.

துளைகளை அடைக்க றப்பர் முளைகள் விற்கிறார்கள். களப்பு அசையாமல் கிடக்கிற காலைக்கு அது சரி. அலை தட்டில் ஏறுகிற இடத்தில் அடைத்துவிட்டால் தண்ணீர் போக வழியில்லை.

ஏப்ரல் 6

திருகோணமலை, நிலாவெளி. ஒரு கடற்கரை விடுதியில் பாவித்த கயாக்குகளை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். எங்கள் அளவுக்கு இரண்டு இருந்தன. மஞ்சள்: பத்தரை அடி, 31 அங்குலம், 24 கிலோ. நீலம்: 11 அடி, 33 அங்குலம், 34 கிலோ, தூண்டில்காரருக்கென்று உயர்த்திய சட்டக் கதிரை. இரண்டுக்கும் சுமை 160க்குக் குறைவில்லை.

நீலத்தில் இருந்தவுடன் ஆசை வந்தது. முதுகுக்கு அப்படியொரு சுகம். ஆனால் நான் பார்க்க வந்தது வேறு. கால் எட்டாத ஆழத்துக்குப் போய் வேண்டுமென்றே கவிழ்த்தேன். இவர், என் கணவர், பக்கத்தில் மிதந்துகொண்டு நின்றார். உயிர்காப்பு அங்கி நெஞ்சில் தடித்து நிற்க, கையால் இழுத்து ஏறப் பார்த்தால் கால் கயாக்குக்கு அடியில் போய்விடுகிறது. இழுக்க இழுக்க அது என் பக்கமே சாய்கிறது. "ஏறாதேயும், முதல் காலை அடியும்" என்றார் இவர். அதுதான் வழி. காலை உதைத்து உடம்பைத் தண்ணீரோடு மட்டமாக்கவேண்டும். பிறகு நெஞ்சைத் தட்டின் குறுக்கே சறுக்கி, வயிறு நடுவுக்கு வந்ததும் மல்லாந்து திரும்பி இருந்து, கடைசியாகக் கால்களை எடுத்து வைக்கவேண்டும். மஞ்சளில் இப்படி ஏறினேன். களைத்த பிறகும் ஏறினேன். நீலத்தில் அந்தக் கதிரைச் சட்டம் விலாவில் இடித்து இடித்துத் தடுத்தது. கவிழ்ந்த நீலத்தை நிமிர்த்தவே இவருடைய கை தேவைப்பட்டது.

கரையில் மஞ்சளைத் தனியாகத் தூக்கி நடந்தேன். நீலத்தை இழுக்கத்தான் முடிந்தது. அத்தோடு என் முடிவு எழுதியாயிற்று: தனியாகத் தூக்கவும், தண்ணீரிலிருந்து தனியாக ஏறவும் முடியாத கயாக் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம். பெண்கள் யாராவது வாங்கப் போகிறீர்கள் என்றால், ஏறிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ஏப்ரல் 7

காசு கொடுக்க முதல் மஞ்சளைக் கவிழ்த்து வைத்துத் தடவிப் பார்த்தேன். துளைகளின் ஓரம், குறிப்பாக இருக்கைக்குக் கீழே உள்ளவை, வெடிக்கிற இடம். பின் அடி மணலில் இழுபட்டுத் தேய்கிற இடம். நுனியில் உள்ள அடைப்பைக் கழற்றிச் சரித்தால் உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே வந்துவிடும். இதில் ஒரு சொட்டும் வரவில்லை.

இதைக் கட்டாயம் சொல்லவேண்டும். எங்கள் கரையில் எல்லா வள்ளமும் பைபர். ஓட்டை விழுந்தால் ரெசின் பூசி முடித்துவிடுவோம். கயாக் பொலிஎதிலீன், ரெசின் ஒட்டாது, உரிந்துவிடும். அதே பிளாஸ்ரிக்கை உருக்கித்தான் ஒட்டவேண்டும். அதனால் வெடிப்புள்ளதை 'பிறகு பார்ப்போம்' என்று வாங்கக்கூடாது.

ஏப்ரல் 28

நந்திக்கடல் இயற்கை ஒதுக்கிடம் என்பதால் வனசீவராசிகள் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் இறக்கினோம். முதலில் வவுனிக்குளம் போகலாம் என்றார் இவர். குளத்தில் முதலை, மகளோடு நான் போகமாட்டேன்.

காலை நேரம், காற்றில்லை. கரையோரம் முழங்கால்வரை சேறு. இறால் வலைக் கம்புகளுக்குத் தூரமாகவே வலித்தோம். மகள் முன்னால் இருந்து, துடுப்பு மூழ்கும்போதெல்லாம் திரும்பி என்னைப் பார்த்தாள்.

மே 5

விடுதி தந்த துடுப்பு 210 சென்ரிமீற்றர். இந்த அகலத்துக்குக் கட்டை. முழங்கை தட்டில் உரசுகிறது, தண்ணீர் மடியில் வடிகிறது. 230 ஒன்று வாங்கச் சொல்லிவிட்டேன். மகளுடைய அங்கிக்குக் காலிடையால் போகும் பட்டி கட்டாயம். அது இல்லாவிட்டால் தண்ணீரில் அங்கி தலைக்கு மேலே ஏறிவிடும்.

மே 18

கயாக் வீட்டில். முள்ளிவாய்க்கால் நினைவு நாள். இன்று யாரும் அந்தத் தண்ணீரில் விளையாடப் போகமாட்டோம். கஞ்சி காய்ச்சி அயலுக்குக் கொடுத்தோம்.

மே 26

சோழகம் தொடங்கிவிட்டது. 9 மணிக்கு முதல் கரைக்கு வந்துவிடுகிறோம். கயாக்கை மாமர நிழலில் கவிழ்த்து, இரண்டு பழைய ரயர்களின் மேல் வைத்திருக்கிறேன். வெயிலில் விட்டால் பிளாஸ்ரிக் இளகி, கீழே கல்லோ கட்டையோ இருந்தால் அடி குழிந்துவிடும். சித்தப்பா நேற்று வந்து ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். அடுத்த கிழமை காற்றுக்கு எதிராகத் தான் வலித்துப் பார்க்கப் போகிறாராம். புதுத் துடுப்பு அதற்குள் வந்துவிடும்.