அந்த இரண்டு மில்லிசெகண்ட்

எங்கள் பெட்டியில் ஓடும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் சோர்ஸில் ஒரு பேட்ச், அதாவது ஒரு சின்னத் திருத்தம், இருக்கிறது. ஒரு எம்டிலே (இத்தனை மில்லிசெகண்ட் பொறு என்ற கட்டளை), அதற்குள் 2 என்ற எண், மேலே ஒரு வரிக் குறிப்பு, அவ்வளவுதான். திருத்தத்தோடு பதியும் கமிட் செய்தியின் அடியில், அனுப்பியவர் என்ற பொருளில் சைன்டு-ஆஃப்-பை என்று என் பெயர். அதற்குக் கீழே டெஸ்டட்-பை என்று என் ஜூனியரின் பெயர். படித்துச் சரி என்று சொல்பவர் போடும் ரிவ்யூட்-பை என்ற வரி மட்டும் இல்லை. எங்கள் இடத்தில் அந்த வரி இல்லாமல் உள்ளே போன பேட்ச் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். பெட்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, கஸ்டமர் யாரும் குறை சொல்லவில்லை. இருந்தாலும் திருத்தங்களின் வரலாறான கிட் லாகில் வேறு எதையோ தேடும்போது இது கண்ணில் பட்டால் கை அங்கேயே நின்றுவிடுகிறது.

காட்பாடியில் நாங்கள் செய்யும் பெட்டி, தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இடங்களுக்குப் போவது. ஃப்ளோ மீட்டரையும் பிஎச் மீட்டரையும் ஆர்எஸ்-485 கம்பி வழியாகப் படித்து சர்வருக்கு அனுப்பும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உள்ளே 32 பிட் ஆர்ம் சிப், நான்கு கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் நான்கு மூளை. மீட்டர் படிக்கும் புரோகிராமுக்கென்று கடைசிக் கோரை, கெர்னலுக்கு ஐசோல்சிபியுஸ்=3 என்று சொல்லி (எண்ணிக்கை 0-இல் தொடங்கும்) ஒதுக்கிவைத்திருந்தோம். கரண்ட் போய் வந்தால் சில சமயம் அந்தக் கோர் எழுந்திருக்காது. ‘சிபியு3: ஃபெயில்டு டு பூட்’ என்று கெர்னல் ஒரு வரி எழுதிவிட்டு, மீதி மூன்று கோரோடு மேலே போய்விடும். அதைப் பொறுத்தவரை பெரிய நஷ்டமில்லை. 32 பிட் ஆர்மில் ஒரு செகண்ட் காத்துப் பார்க்கும், வராவிட்டால் விட்டுவிடும். எங்கள் புரோகிராம்தான் இல்லாத கோரில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்து, ‘இன்வேலிட் ஆர்க்யுமென்ட்’ வாங்கிக்கொண்டு செத்துப்போகும். தண்ணீர் ஓடும், ரீடிங் வராது.

மேஜையில் ரீபூட் கொடுத்துப் பார்த்தால் ஒன்றுமே நடக்காது. ரீபூட்டில் கோர்களின் பவர் முழுதாக இறங்குவதில்லை என்பது பிறகு தெரிந்தது. ஆபீசில் யூபிஎஸ் வேறு. மாதாந்திரப் பராமரிப்புக்காக கரண்டை நிறுத்திவிட்டு சாயங்காலம் திரும்பக் கொடுக்கும் ஊரில்தான் இந்தக் குறை வெளியே வரும். கடைசியில் ஒரு ரிலே போர்டை டைமரோடு மாட்டி, பெட்டிக்குப் போகும் கரண்டைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடவிட்டோம். ராத்திரி முழுக்க டிக் டிக் என்று சத்தம். காலையில் சீரியல் லாகில் அந்த ஒரு வரியைத் தேட வேண்டும். அங்கங்கே இருக்கும்.

பவர் வந்ததும் நான்கு கோரும் ஒன்றாக வேலைக்கு வருவதில்லை என்பதே பல பேருக்குத் தெரியாது. முதலில் ஒரு கோர்தான் எழும். கெர்னலை அதுதான் நடத்தும். மற்றவற்றை அது ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும். எழுந்து வரும் கோருக்கு மெமரி முகவரிகளை மாற்றிக் கொடுக்கும் எம்எம்யு கிடையாது, பக்கத்திலேயே இருக்கும் வேக மெமரியான கேஷ் கிடையாது, வேலைக்கு நடுவே குறித்துவைக்கும் ஸ்டாக் கிடையாது. அதற்கு வேண்டியதையெல்லாம் முதல் கோர் மெமரியில் எழுதி, எழுதியதைத் தன் கேஷிலிருந்து ராம் வரை தள்ளிவிட்ட பிறகுதான் கூப்பிட வேண்டும். தள்ளாமல் கூப்பிட்டால், வருகிற கோர் ராமில் கிடக்கும் பழைய குப்பையைப் படிக்கும். ஆகவே முதல் சந்தேகம் கேஷ் மேல்தான் போனது. அது சரியாகவே இருந்தது.

சிப் கம்பெனி கொடுத்த கெர்னலில் கோரை எழுப்பும் கோடு, ஆர்ம் கம்பெனியின் பழைய டெவலப்மென்ட் போர்டுகளுக்கு எழுதியதைப் பார்த்து அப்படியே இறக்கியது. அதில் பென்-ரிலீஸ் என்று ஒரு வேரியபிள். எந்தக் கோர் வர வேண்டுமோ அதன் எண்ணை முதல் கோர் அதில் எழுதும், வந்து சேர்ந்த கோர் அதை மைனஸ் 1 ஆக்கும். இப்போதைய லினக்ஸில் அந்த மூலக் கோப்பைத் திறந்தால், நிஜமான சிப்புகளுக்கு இந்தக் கோடைக் காப்பியடிக்காதீர்கள் என்று குறிப்பே இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடித்து எனக்குக் காட்டியவரும் அதே ஜூனியர்தான். குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். வேலைக்குச் சேர்ந்து அப்போது ரொம்ப நாள் ஆகியிருக்கவில்லை.

கோர் வராத நேரத்தில் பென்-ரிலீஸைப் பிரிண்ட் செய்து பார்த்தோம். 3 என்றே இருந்தது. அதனால் கோர் கெர்னலுக்குள் முழுதாக வந்து சேரவில்லை என்று மட்டும்தான் சொல்ல முடியும், எங்கே நின்றது என்று சொல்ல முடியாது. அப்புறம் அவர் ஒரு வேலை செய்தார். கோர் ஓட்ட வேண்டிய முதல் இன்ஸ்ட்ரக்‌ஷன்கள் இருக்கும் இடத்தில், சிப்புக்குள் இருக்கும் எஸ்ராம் என்ற சின்ன மெமரியில் ஓர் அடையாள எண்ணை எழுதும்படி அசெம்பிளியில் சேர்த்தார். நல்லபடி வந்த பூட்டில் அடையாளம் இருந்தது. வராத பூட்டில் இல்லை. அதாவது எங்கள் கோடின் முதல் அடியைக்கூட அந்தக் கோர் எடுத்து வைக்கவில்லை.

அதற்கு முன்னால் நடப்பது இரண்டே வரிதான். கோருக்குப் பவர் ஸ்விட்சைப் போடுவது ஒரு வரி, அதை ஓடவிடாமல் பிடித்துவைத்திருக்கும் ரீசெட்டை விடுவிப்பது அடுத்த வரி. நடுவில் ஒன்றுமே இல்லை. பவர் ஏறி முடிப்பதற்குள் ரீசெட் விடுபட்டால் கோர் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் நடுவில் ஒரு காத்திருப்பைப் போட்டேன். அரை மில்லிசெகண்டில் எப்போதாவது கோர் எழாமல் விழுந்தது. ஒன்றில் அபூர்வமாக. இரண்டு வைத்த பிறகு விழவே இல்லை. ரிலேயை நாள் கணக்கில் டிக்டிக்கென்று ஓடவிட்டோம். பங்குனி வெயிலில் பெட்டியை மொட்டை மாடிக்கு எடுத்துப்போய் அங்கேயும் ஓடவிட்டோம். விழவில்லை.

அனுப்பிவிடலாம் என்றேன். அப்போதுதான் அவர் மேனுவலைத் திறந்து காட்டினார். இந்தச் சிப்பில் மற்ற பவர் டொமைன்களுக்கெல்லாம் (தனியாகப் பவர் போட்டு நிறுத்தக்கூடிய பகுதிகள்) பவர் ஏறிவிட்டது என்று சொல்ல ஒரு ஸ்டேட்டஸ் பிட் உண்டு. கோர்களுக்கு மட்டும் அந்த இடத்தில், பயன்படுத்தாதே என்ற பொருளில் ‘ரிசர்வ்டு’ என்று போட்டிருந்தார்கள். அவர் அந்த ரிசர்வ்டு பிட்டைப் படித்துப் பார்த்திருக்கிறார். பவர் போட்டதும் 0, சற்றுப் பொறுத்து 1.

“இதையே பார்த்துட்டு ரீசெட்டை விடலாம் அண்ணா. இது தானா சொல்லுது.”

“மேனுவல்ல இல்லாத பிட்டை எப்படிம்மா நம்பறது? அடுத்த ரிவிஷன் சிப்புல அந்த இடத்துல வேற எதையாவது வச்சா?”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “தெரியாத பிட்டை நம்பக்கூடாதுன்னா, தெரியாத நேரத்தை மட்டும் நம்பலாமா?”

நான் இதற்குச் சொன்ன பதிலைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். “நேரம் கூடினா யாருக்கும் கெடுதல் இல்லை” என்றேன். மூன்று கோருக்கும் சேர்த்து ஆறு மில்லிசெகண்ட், பூட்டில் யாருக்கும் தெரியாது. பிட் தவறாகப் போனால் கோர் ஒருநாளும் எழாது, அல்லது அரைகுறையாக எழும். இன்ஜினியரிங் கணக்கில் இந்தப் பதிலில் ஓட்டை இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். ஆனால் அவர் கேட்டதற்கு இது பதிலா என்பதில்தான் சந்தேகம். நான் எந்தத் தவறு குறைந்த செலவில் முடியும் என்று சொன்னேன். அவர் கேட்டது, நாம் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று நமக்குத் தெரியுமா என்பது. சமையலில் மூன்று விசில் விட்டு இறக்குகிறவரும், பருப்பை நசுக்கிப் பார்த்து இறக்குகிறவரும் ஒரே சாம்பாரைத்தான் வைக்கிறார்கள், ஆனால் பருப்பு மாறினால் முதலாமவருக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் எனக்கு வேறு ஒரு வாதம் கிடைத்தது. இன்டெல் பக்கம் இதே கதைதான். அங்கே முதல் கோர் மற்ற கோருக்கு ‘இனிட்’ என்று ஒரு சிக்னல் அனுப்பும், பிறகு ‘ஸ்டார்ட்-அப்’ என்று இன்னொன்று. இரண்டாவதோடு ஓர் எண் போகும். அந்த எண்ணை 4096-ஆல் பெருக்கினால் வருகிற முகவரியில், முதல் 1 எம்பிக்குள், அந்தக் கோர் 16 பிட் ரியல் மோடில் எழும். எத்தனை நவீன சர்வராக இருந்தாலும் எழும்போது 1980-களின் மெஷின் மாதிரிதான் எழும். இனிட் அனுப்பிய பிறகு 10 மில்லிசெகண்ட் பொறு, ஸ்டார்ட்-அப் அனுப்பிய பிறகு 200 மைக்ரோசெகண்ட் பொறு என்று இன்டெலின் மல்டிபுராசசர் ஸ்பெசிஃபிகேஷனில் இருக்கிறது. 1997-இல் வந்த 1.4 பதிப்பைப் பார்த்தால் தெரியும். லினக்ஸும் பல வருடம் அப்படியே பொறுத்தது. நூறு கோர் சர்வரில் கோருக்குப் பத்து என்றால் ஒரு செகண்ட் வெறும் காத்திருப்பு. புதிய புராசசர்களுக்கு அது தேவையில்லை என்று 2015-இல்தான் அந்தப் பத்தைப் பூஜ்யமாக்கினார்கள். பழைய புராசசர்களுக்கு இப்போதும் பத்துதான்.

“லினக்ஸே இத்தனை வருஷம் ஒரு எண்ணை நம்பிக் காத்திருந்தது. நாம ரெண்டு வச்சா தப்பா?” என்றேன். கொஞ்சம் ஜெயித்த குரல்தான் அது.

“அந்தப் பத்து எங்கேயிருந்து வந்ததுன்னு எழுதியிருந்தாங்க அண்ணா. அதனாலதான் ஒருத்தர் வந்து எடுக்க முடிஞ்சுது. நம்ம ரெண்டை நாளைக்கு யார் தைரியமா எடுப்பாங்க?”

டீ ஆறிவிட்டது என்று சொல்லி எழுந்தேன்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முழு நியாயமா? எந்த எண்ணுக்கும் பின்னால் ஒரு கட்டத்தில் யாரோ ஓர் ஆள் ரிலே மாதிரி எதையோ ஓடவிட்டு, விழாத இடத்தைப் பார்த்து, கொஞ்சம் கூட்டி வைத்திருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். இது என் ஊகம். நம் ஊகத்தை நாம் எழுதினால் ஒட்டு, பெரிய கம்பெனி பிடிஎஃப்பில் போட்டால் ஸ்பெசிஃபிகேஷன். இப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது, அதனாலேயே முழுதாக நம்பவும் முடியவில்லை.

சிப் கம்பெனிக்கு டிஸ்ட்ரிப்யூட்டர் வழியாக மெயில் போட்டோம். பதில் வரவில்லை. ஓனர் தினமும் கேட்டார். வாலாஜா பக்கம் ஒரு கஸ்டமரின் ஆள் நேரிலேயே வந்து உட்கார்ந்தார். நிறுத்திவைத்திருக்கலாமா? சம்பளத் தேதியைப் பார்க்கிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

பேட்ச்சை அனுப்பியபோது ரிவ்யூட்-பை கேட்டேன். அவர் திரும்பாமலே, “டெஸ்டட்-பை போட்டுக்கங்க அண்ணா, அது நெஜம். ரிவ்யூட்-பை வேணாம்” என்றார். முகத்தில் கோபம் இல்லை. லினக்ஸ் வழக்கப்படி அவர் சொன்னது ரொம்பச் சரி. ஓட்டிப் பார்த்தேன், ஓடுகிறது என்பவர் முதல் வரியைப் போடலாம். படித்தேன், எனக்குப் புரிகிறது, இது சரியான மாற்றம் என்று பொறுப்பேற்பவர்தான் இரண்டாவதைப் போட வேண்டும். அந்த வயதில் நானாக இருந்தால் சீனியர் கேட்டதும் இரண்டையும் போட்டிருப்பேன். அவர் போடாததில் எனக்கு வந்தது எரிச்சலா மரியாதையா என்று கேட்டால், அன்று எரிச்சல்தான்.

குறிப்பு வரியில் முதலில் ‘ஸ்டெபிலிட்டிக்குத் தேவை’ என்று எழுதியிருந்தேன். அனுப்புவதற்கு முன் அழித்துவிட்டு, அரையில் விழுந்தது, ஒன்றில் அபூர்வமாக விழுந்தது, இரண்டில் விழவில்லை, காரணம் பவர் ஏறும் நேரமாக இருக்கலாம், மேனுவலில் இல்லை என்று எழுதினேன். ரிசர்வ்டு பிட்டைப் பற்றியும் ஒரு வரி. அவர் கேட்டதால் எழுதினேனா, நானாக எழுதியிருப்பேனா, இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதைப் படித்த பிறகும் அவர் ரிவ்யூட்-பை போடவில்லை. நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

இப்போது புதிய போர்டு வந்துவிட்டது. 64 பிட் சிப். கோரை எழுப்ப பென்-ரிலீஸும் இல்லை, பவர் பிட்டும் இல்லை. போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் எனேபிள்-மெத்தட் என்ற இடத்தில் ‘பிஎஸ்சிஐ’ என்று எழுதினால் போதும். கெர்னல், தனக்கு அடியில் ஓடும் ஃபர்ம்வேரைக் கூப்பிட்டு, இந்தக் கோரை இந்த முகவரியில் எழுப்பு என்று கேட்கும். 0 வந்தால் சரி. ஏற்கெனவே எழுந்திருந்தால் மைனஸ் 4. ஸ்விட்ச், ரீசெட், காத்திருப்பு எல்லாம் கெர்னலின் கண்ணுக்குத் தெரியாமல் அந்தப் பக்கம் போய்விட்டன. சிப் கம்பெனி ஃபர்ம்வேரை, சோர்ஸ் இல்லாமல் பைனரியாகத்தான் கொடுத்திருக்கிறது. அதற்குள் ஒருவர் ஸ்டேட்டஸ் பிட்டைப் பார்த்துக் காத்திருக்கலாம். இன்னொருவர் என்னைப் போலவே ஓர் எண்ணைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அந்த டிவைஸ் ட்ரீ பேட்ச்சை அனுப்பினேன். மத்தியானத்துக்குள் ரிவ்யூட்-பை வந்துவிட்டது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “இதுக்கு மட்டும் எப்படிம்மா உடனே போட்ட? உள்ளே என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“இதுல பார்க்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே அண்ணா” என்று சொல்லிவிட்டு, சாயங்காலக் குடியாத்தம் பஸ்ஸுக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.