'குலுக்கல் சீட்டு மாதிரியா?': ஜெல் ஆய்வில் ஒப்புதல் வாங்கிய அனுபவம்

2006-ல் சென்னையில் ஒரு மருத்துவ ஆய்வில், பங்கேற்கும் பெண்களிடம் பேசி விளக்கும் கவுன்சிலராக இருந்தேன். உறவுக்கு முன் பெண் தானே உள்ளே செலுத்திக்கொள்ளும் செல்லுலோஸ் சல்ஃபேட் ஜெல், எச்.ஐ.வி.யைத் தடுக்குமா, கொனோரியா, கிளமிடியா என்ற பால்வினை நோய்களையும் தடுக்குமா என்று பார்க்கும் ஆய்வு. சென்னை, கர்நாடகத்தின் பாகல்கோட், தென்னாப்பிரிக்கா, உகாண்டா, பெனின் என ஐந்து இடங்களில் நடந்தது. நிரோத் போடு என்று ஆணிடம் கெஞ்சியும் நடக்காத பெண்ணுக்குத் தன் கையிலேயே ஒரு தடுப்பு கிடைக்கட்டும் என்ற ஆசையில்தான் நான் அந்த வேலையில் சேர்ந்தேன்.

ஒப்புதல் வாங்குவதுதான் பெரும்பாடு. ஒருவருக்குப் படிவத்தைப் படித்துச் சொல்லி முடிக்க ஒன்றரை மணி நேரமாகும். கைநாட்டு வைப்பவர் என்றால் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத சாட்சி ஒருவரும் கூட உட்கார வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, பாதிப் பேருக்கு மருந்துள்ள ஜெல், பாதிப் பேருக்கு மருந்தில்லாதது. முதலில் அதைப் 'போலி ஜெல்' என்று சொல்லிவிட்டேன். "போலியைக் குடுக்கவா இவ்ளோ தூரம் கூப்பிட்டீங்க?" என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். அது முழுக்க என் தப்பு. அப்புறம் 'மருந்து சேராத ஜெல்' என்று மாற்றினேன். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது என்பதை எப்படி விளக்குவது என்று நான் திணறியபோது, வியாசர்பாடியிலிருந்து வந்த ஓர் அக்காதான் கைகொடுத்தார். "குலுக்கல் சீட்டு மாதிரியா? பேரு எதுல விழும்னு எடுக்கறவனுக்கே தெரியாது." அன்றிலிருந்து எல்லோருக்கும் அதையே சொன்னேன்.

ஜெல் பலிக்குமா என்று இன்னும் தெரியாது, அதனால் நிரோத்தை விடக்கூடாது. இதை மட்டும் அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லவைத்த பிறகே கையெழுத்து வாங்குவோம். எங்களுக்குப் பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுத்ததே நொனாக்ஸினால்-9 பற்றித்தான். காக்கும் என்று நம்பிய ஜெல். அதை அடிக்கடி பயன்படுத்திய பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்று கூடியதாக 2000-ல் தெரியவந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரியில் கொடுக்கிறார்கள் என்றாலே மருந்து, மருந்து என்றாலே நல்லது என்று மனசு எடுத்துக்கொள்கிறது. திருப்பிச் சொன்ன எல்லோரும் அதை நம்பினார்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

மாதாமாதம் ரத்தப் பரிசோதனை, கர்ப்பப் பரிசோதனை, ஜெல்லை உள்ளே செலுத்தும் புது அப்ளிகேட்டர்கள், நிரோத் என்று நாட்கள் ஓடின.

2007 ஜனவரி 31 அன்று ஆய்வு நிறுத்தப்பட்டது. தரவுகளைத் தனியாகக் கண்காணித்த குழு பார்த்தபோது, மருந்துள்ள ஜெல் பக்கம் 24 பேருக்குப் புதிதாகத் தொற்று, மருந்தில்லாத பக்கம் 11. முழுக் கணக்கும் வந்தபோது அது 25-க்கு 16 ஆனது. ஜெல்லால்தான் தொற்று கூடியது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. ஆனால் ஜெல் காக்கவில்லை.

எல்லோரையும் திரும்ப வரவழைக்க வேண்டும். பாதிப் பேர் கொடுத்திருந்தது பக்கத்து வீட்டு நம்பர். காரணத்தை அந்தப் பக்கத்து வீட்டாரிடம் சொல்ல முடியாது. "செக்கப்புக்கு வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவேன். வியாசர்பாடி அக்கா, மிச்சமிருந்த அப்ளிகேட்டர்களை மஞ்சப்பையில் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "எனக்கு எது விழுந்துச்சு?" எனக்குத் தெரியாது என்றேன். "பலிக்குமா தெரியாதுன்னு நீ அன்னிக்கே சொன்னம்மா. எல்லாருக்கும் சொல்ற பேச்சுன்னு நெனச்சுட்டேன்." ரத்த ரிப்போர்ட் வரும்வரை அவரும் நானும் அதே அறையில் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். நெகட்டிவ்.

2010-ல் தென்னாப்பிரிக்காவில் டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து சேர்த்த ஜெல் 39 சதவீதம் தொற்றைக் குறைத்தது என்று செய்தி வந்தபோது அழுதேவிட்டேன். 2015-ல் இன்னொரு பெரிய ஆய்வில் அதே ஜெல் பலன் காட்டவில்லை. பெரும்பாலான பெண்களால் ஒவ்வொரு முறையும் அதைப் போட முடியவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. ஒற்றை அறை வீட்டில், மாமியார் பக்கத்தில் படுத்திருக்க, அப்ளிகேட்டரை எங்கே ஒளித்துவைத்து எப்போது எடுப்பது?

2021-ல் உலக சுகாதார நிறுவனம், எச்.ஐ.வி. ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு டாபிவிரின் என்ற மருந்துள்ள வளையத்தைப் பரிந்துரைத்தது. பெண்ணே உள்ளே வைத்துக்கொள்ளலாம், ஒரு மாதம் அப்படியே இருக்கும். அதைச் சோதித்த ஆப்பிரிக்க ஆய்வுகளில் தொற்று சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. அதைப் படித்த அன்று அந்த அக்கா நினைவுக்கு வந்தார். முதல் நாளே அப்ளிகேட்டரைக் கையில் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டிருந்தார்: "காப்பர்-டி மாதிரி, ஒருவாட்டி வெச்சா கொஞ்ச நாளு இருக்கறாப்ல எதுவும் இல்லியா?" இல்லையென்று சொல்லி, குறிப்புக் கட்டத்தில் அதை எழுதிவைத்தேன்.