டபுள் கிளிக்கால் வந்த வினை

பழைய கேம் ஒவ்வொன்றுக்கும் முதலில் எமுலேட்டரை, அதாவது கம்ப்யூட்டரைப் பழைய கேம் மெஷின் போல நடிக்கவைக்கும் மென்பொருளைத் திறந்து, மெனுவுக்குப் போய், ஃபோல்டர் ஃபோல்டராகத் தோண்டுவது அலுத்துவிட்டது. ரைட் கிளிக், ‘ஓப்பன் வித்’, எமுலேட்டரைக் காட்டி ‘ஆல்வேஸ்’. அவ்வளவுதான். இப்போது .ஜிபிஏ ஃபைலை (கேம் பாய் அட்வான்ஸ் கேம்) இரண்டு தட்டு தட்டினால் எம்ஜிபிஏ என்ற எமுலேட்டர் நேராகக் கேமுக்குள் போய்விடுகிறது. விண்டோஸ் செய்வதெல்லாம், ஃபைல் இருக்கும் பாதையை எமுலேட்டர் கையில் கொடுப்பது மட்டும்தான்.

அந்த உற்சாகத்தில் சேகா மெகா டிரைவ் என்ற பழைய கேம் மெஷினின் ஃபைல்களுக்கும் அதையே செய்தேன். அந்த ஃபைல்கள் .எம்டி. நான் ஆபீஸ் குறிப்பு எழுதும் மார்க்டவுன் என்ற எளிய எழுத்து ஃபைலும் .எம்டி! காலை மீட்டிங்கில் திரையைப் பகிர்ந்து குறிப்பைத் திறந்தால், எமுலேட்டர் கறுப்பு ஜன்னலோடு எழுந்து நிற்கிறது. “என்னப்பா, விளையாடப் போறியா?” என்றார் மேனேஜர்.

சரி, கேம் ஃபைல்களை மட்டும் .ஜென் என்று பெயர் மாற்றிவிட்டேன், அதுவும் செல்லும். ‘.பின்’ (.bin) என்ற ஃபைல் வகைப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை. மெகா டிரைவுக்கும் அதுதான், பிளேஸ்டேஷன் சிடிக்கும் அதுதான். பல மெஷின்களுக்கும் சேர்த்து வரும் ரெட்ரோஆர்க் என்றால் எந்தக் கோர் (அந்தந்த மெஷினுக்கான எமுலேட்டர் பகுதி) என்பதையும் கட்டளையில் ‘-எல்’ (-L) போட்டுச் சொல்ல வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமை வேலை.