புது ரயில் வாங்கும் கதை

நகரத்துக்குப் புது மின்சார ரயில் வருகிறது என்றால், ஏசி உண்டா, எவ்வளவு வேகம் என்றுதான் கேட்கிறோம். வடிவமைப்பவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது கதவுக்காக!

நிலையத்துக்கு நிலையம் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். முழு வேகத்தைத் தொடுவதற்குள் பிரேக் போட வேண்டியிருக்கும். அதனால் நேரம் மிச்சமாவது பெரும்பாலும் நின்று கிளம்பும் அந்தச் சில நொடிகளில்தான். பெட்டிக்கு இரண்டுக்குப் பதில் மூன்று அகலக் கதவுகள் வைத்தால் கூட்டம் சட்டென்று இறங்கி ஏறும். ஆனால் ஒவ்வொரு கதவும் சில இருக்கைகளைத் தின்றுவிடும். உட்கார்ந்து போக நினைப்பவர்கள் திட்டத்தான் செய்வார்கள். என் ஓட்டு கதவுக்கே.

அப்புறம் கொள்முதல். 2020இல் ஸ்பெயினின் அரசு ரயில் நிறுவனமான ரென்ஃபே, நாட்டின் வடக்கே உள்ள அஸ்தூரியாஸ், கான்தாப்ரியா பகுதிகளில் ஓட்ட 31 ரயில்களுக்கு ஆர்டர் கொடுத்தது. சுமார் 25.8 கோடி யூரோ. சில சுரங்கங்களுக்குள் இந்த அளவு ரயில் நுழையாது என்பதைக் கவனித்துச் சொன்னது தயாரிக்கும் நிறுவனம். சுரங்கங்களோ பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காலத்து வேலை, ஒன்றின் அளவில் இன்னொன்று இருக்காது. நல்லவேளை, ரயில்கள் இன்னும் கட்டப்படவில்லை. விஷயம் வெளியே வந்ததும் 2023இல் ரென்ஃபே தலைவர் பதவி விலகினார்.