அடுப்பு மேடைக்கு மேலே ஒன்பது ஷீட்

அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவரில், தாளிக்கும்போது தெறிக்கிற எண்ணெய் பெயிண்டுக்குள்ளேயே இறங்கி மஞ்சள் பாய்ந்துவிட்டது. நாலரை அடி அகலம், இரண்டடி உயரம். கடல்பச்சைக் கண்ணாடி மொசைக் ஒன்பது ஷீட் வாங்கினேன். ஓரடிக்கு ஓரடி, பின்னால் வலை, ஷீட்டுக்கு 144 சில்லு. ஒன்பதாவதை வலையோடு கத்தியால் பாதியாக்கினால் ஓரத்துக்குச் சரியாக இருந்தது. சில்லு எதையும் உடைக்கவில்லை.

அப்பா நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர். இப்போது முட்டிவலி. ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான்தான் செய்தேன்.

"பெயிண்ட் மேல ஒட்டுனா பெயிண்டோட பேந்து வந்துரும்மா" என்று முதலில் சுவர் முழுக்கக் கொத்து போடவைத்தார். பசை வெள்ளைதான் வாங்க வேண்டும். சாம்பல் நிறப் பசை கண்ணாடிக்குள் தெரிந்து, பச்சையே அழுக்காகிவிடும். பல் கரண்டியால், அதாவது ஓரம் பல் பல்லாக இருக்கும் கொத்தனார் கரண்டியால், பசையில் வரி இழுத்த பிறகு தட்டைப் பக்கத்தால் அந்த வரிகளை அமுக்கிவிடவும் வேண்டும், அவையும் கண்ணாடிக்குள் தெரியும் என்பதால்.

முதல் ஷீட் கைவிட்டதும் மெல்ல வழுக்கி இறங்கியது. பசையில் தண்ணீர் கூடிவிட்டது. பிய்த்து, வாளியில் அலசி, மறுபடி குழைத்தேன். கரண்டியைச் சாய்த்தால் பசை வழியாமல் நிற்க வேண்டுமாம்.

அப்பா விடாமல் பார்த்தது இடைவெளியைத்தான். சில்லுக்கும் சில்லுக்கும் எவ்வளவு சந்தோ, ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் அவ்வளவே இருக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் தூரத்திலிருந்து பார்த்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒவ்வொரு ஷீட்டுக்கும் என்னை வாசல்வரை போய்த் திரும்பிப் பார்க்கச் சொன்னார்.

பசை இறுகுமுன் விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தார். துருத்திய சில்லுகள் ஒவ்வொன்றும் நிழல் போட்டன. துணி சுற்றிய கட்டையை வைத்துத் தட்டினேன். சந்துக்குள் பிதுங்கிய பசையை ஊக்கால் சுரண்டி எடுக்கவே ஒரு மணி நேரம்.

மறுநாள் கிரௌட், சந்துகளை அடைக்கும் பூச்சு. ஸ்பாஞ்சை நன்றாகப் பிழிந்து மூலைவாட்டில் துடைத்தேன். நேராக இழுத்தால் சந்திலிருந்து கிரௌட்டைத் தோண்டிவிடும். காய்ந்ததும் படிந்த வெள்ளைப் படலம் அப்பாவின் பழைய வேட்டித் துணியில் போய்விட்டது.

மூன்றாவது ஷீட்டின் கீழ்மூலையில் ஒரு சில்லு மட்டும் நூலளவு துருத்திக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி சுவரைத் துடைக்கும்போது விரல் அங்கே போய் நிற்கும்.