ஒரு கோப்பைக்கூடத் திறக்கவில்லை
ஒரே பென் டிரைவின் இரண்டு ஹாஷ் வரிகளையும் திரையில் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஹாஷ் என்பது டிரைவில் உள்ள தரவிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஓர் எழுத்துத் தொடர். ஒவ்வொன்றிலும் 64 எழுத்துகள். ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே இல்லை.

கம்யூனிட்டி காலேஜில் இன்று கம்ப்யூட்டர் தடயவியல் செய்முறை வகுப்பு. பயிற்சிக்குக் கொடுத்த பென் டிரைவை, ரைட் பிளாக்கர் (டிரைவில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி) இல்லாமல் நேராகக் கணினியில் செருகிவிட்டேன்.

ஒரு கோப்பைக்கூடத் திறக்கவில்லை.

ஆனால் விண்டோஸ் சும்மா இருக்கவில்லை. 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்ற மறைவான ஃபோல்டரைத் தானாகவே அதில் எழுதிவிட்டது. ஷா-256 என்ற முறையில் கணக்கிடும் இந்த ஹாஷ் அடியோடு மாற அவ்வளவு கூட வேண்டாம், ஒரே ஒரு பிட் மாறினால் போதும்.

ஆசிரியர் திட்டவில்லை. "இது நிஜ வழக்காக இருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் உங்களை முதலில் என்ன கேட்பார்?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை.

அழித்த படங்களை மீட்பதுதான் இந்தப் படிப்பு என்று நினைத்துச் சேர்ந்தவன் நான். பென் டிரைவில் அது அவ்வளவு கஷ்டமில்லை. அழிக்கும்போது பெரும்பாலும் கோப்பைப் பற்றிய குறிப்புதான் போகிறது. தரவு, அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கிறது.

தொடாமல் பார்ப்பதுதான் கஷ்டம்.

யாரோ ஒருவர் குற்றமற்றவர் என்பதற்கு இருந்த ஒரே சான்று இப்படிப்பட்ட டிரைவில் இருந்திருந்தால்? வகுப்பு முடிந்தும் அந்த நினைப்பு போகவில்லை.

வேறொரு டிரைவ் வாங்கி மறுபடி உட்கார்ந்தேன். முதலில் ரைட் பிளாக்கர், அப்புறம் இமேஜ், அதாவது டிரைவின் அச்சு அசலான நகல். 64 எழுத்துகளும் ஒத்துப்போனதைப் பார்த்த பிறகுதான் எழுந்தேன்.