முதியோர் இல்லத்துக்குப் போனால் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள்

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் என்று ராமநாதபுரம் கடற்கரையில் எந்த ஊரை எடுத்தாலும் பிள்ளைகள் வெளியில் இருக்கிற வீடுகள் நிறைய. வளைகுடா, மலேசியா, சிங்கப்பூர், இல்லையென்றால் சென்னை, திருப்பூர். அம்மா அப்பாவில் ஒருவர் போய்விட்டால் இன்னொருவரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது இப்போது சகஜமாகிவிட்டது. சேர்த்தவர்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. சேர்த்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். மாதப் பணம் ஒழுங்காகப் போகிறது, வீடியோ காலில் அத்தா சிரிக்கிறார், அம்மா தலை சீவியிருக்கிறார். ‘நல்லாத்தான் பாத்துக்கிறாங்க’ என்று நிம்மதியாகிவிடுகிறோம். வீடியோ காலில் குதிகால் தெரியாது.

படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்க்கப் போனால் அவரிடம் கேட்டுக்கொண்டு முதலில் குதிகாலைப் பாருங்கள். பிறகு இல்லத்தில் வேலை பார்க்கும் ஆயாவின் உதவியோடு ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகெலும்பு முடிகிற இடம், இடுப்பின் இரண்டு பக்கம், முழங்கை, பின்னந்தலை, காது மடல். எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் தோல் நசுங்குகிற இடங்கள் இவைதான். படுக்கைப் புண் இங்கேதான் தொடங்கும். சிவப்பாகத் தெரியும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். நம் நிறத்துக்கு அது பல நேரம் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ ஊதா கலந்தோ இருக்கும், தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும், அவ்வளவுதான். விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்துப் பழைய நிறத்துக்குத் திரும்பினால் இன்னும் நேரம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே நின்றால் உள்ளே சதை கெடத் தொடங்கிவிட்டது. அந்த இடத்தைத் தைலம் போட்டுத் தேய்க்கக் கூடாது. கெட்டது இன்னும் கிழியும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம், அது சுற்றிலும் ரத்த ஓட்டத்தை நிறுத்தும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துக் குதிகால் படுக்கையில் படாமல் தொங்கும்படி வைப்பதே சரி.

ஏர் பெட் (மோட்டார் வைத்துக் காற்று நிரப்பும் மெத்தை) போட்டிருக்கிறோம் என்று சொல்வார்கள். போட்டது போதாது. கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், காற்று இறங்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். உள்ளங்கை மேலே பார்க்க, இடுப்புக்கு நேர் கீழே மெத்தைக்கு அடியில் கையை விடுங்கள். எலும்பு கையில் தட்டுப்பட்டால் அந்த மெத்தை இருந்தும் இல்லாததுதான். ஏர் பெட் இருந்தாலும் திருப்பிப் போடுவதை விட முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்பது பொதுக் கணக்கு. முழுதாகப் பக்கவாட்டில் படுக்கவைக்க வேண்டியதில்லை. முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும்.

இது ஏன் நடப்பதில்லை? ஆயாக்களுக்கு மனசில்லை என்று சொல்லிவிடுவது சுலபம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவரைத் திருப்பி, டயப்பரைப் பார்த்து, துடைத்து, துணி மாற்ற இரண்டு பேருக்குப் பத்து நிமிடம் ஆகும். படுத்த படுக்கையாக 12 பேர் இருந்தால் ஒரு சுற்றுக்கு 120 நிமிடம், அதாவது முழுதாக இரண்டு மணி நேரம். முடிந்தவுடன் அடுத்த சுற்று தொடங்கியாக வேண்டும். இரவில் அந்த ஹாலுக்கு ஒரே ஓர் ஆயாதான் என்றால் படுக்கைப் புண் வருவது உறுதி. அதனால் இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: ராத்திரி பத்து மணிக்கு மேல் எத்தனை பேர் முழித்திருப்பார்கள், படுக்கையில் இருப்பவர்கள் எத்தனை பேர்? அந்த ஆயாவின் சம்பளத்தையும் லீவையும் பற்றிப் பேசாமல் முதியோர் உரிமை பேச முடியாது.

அடுத்தது தண்ணீர். நம் கரையில் இது தனிப் பிரச்சினை. நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் கேன் தண்ணீர் வாங்க வேண்டும். செலவைப் பார்த்து உப்புத் தண்ணீரையே குடத்தில் வைத்துவிடுகிற இடங்கள் உண்டு. வாய்க்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் பெரியவர்கள் சண்டை போட மாட்டார்கள், குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது. தண்ணீர் குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டும், அதற்கு ஆயாவைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் சலிப்பு வார்த்தை வரும். அதைக் கேட்பதற்குத் தாகத்தோடு இருந்துவிடலாம் என்று நினைப்பார்கள். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காக டாக்டர் அளவு சொல்லாதவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். நாக்கு வறண்டிருக்கிறதா, சிறுநீர் அடர் மஞ்சள் நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று உளறினால் ‘வயசாயிருச்சு, மறதி’ என்று விடாதீர்கள். நீர் வற்றியதாலோ சிறுநீர்த் தொற்றாலோ அப்படி வரும், வைத்தியம் பார்த்தால் சரியாகும். யூரின் டியூப் போட்டிருந்தால் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. தூக்கிக் கட்டிலின் மேல் வைத்துவிட்டுத் துடைப்பார்கள். பையில் இருப்பது திரும்ப உள்ளே போகும். காய்ச்சல் அங்கிருந்துதான் வருகிறது.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று மட்டும். மூன்று வேளையும் கஞ்சி என்றால் புண் ஆறாது. புண் உள்ளவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.25 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். 50 கிலோ எடைக்கு 60 கிராமுக்கு மேல். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது. சூடை மீனும் சாளை மீனும் மலிவாகக் கிடைக்கிற கரையில் இருந்துகொண்டு இதற்குப் பஞ்சம் வரக் கூடாது. முள்ளைக் கையால் எடுத்து, பிசைந்து, நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்ட வேண்டும். ஊட்டிய பின் அரை மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரத அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.)

இனி சொல்வது எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. பின்னால் வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, மனநோய் உள்ள எவரையும் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. அந்தத் தீ விபத்து நடந்த கரை இது. இங்கே ஒரு பாட்டியின் மணிக்கட்டைப் பழைய சேலைத் துணியால் கட்டிலோடு கட்டியிருப்பதைக் கண்டால் நாம் சும்மா வரலாமா? இரவில் கிரில் கேட்டைப் பூட்டிச் சாவியை வார்டன் வீட்டுக்கு எடுத்துப் போவதும் அதே ஆபத்துதான். சாவி உள்ளே, இரவு வேலையில் இருப்பவர் இடுப்பில் இருக்க வேண்டும். ‘கட்டலைன்னா விழுந்துருவாங்க’ என்பார்கள். விழுவார் என்றால் தாழ்ந்த கட்டில் போடலாம், பக்கத்தில் மெத்தை விரிக்கலாம். மூக்கு டியூப்பைப் பிடுங்குகிறார் என்றால் அது உறுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். ராத்திரி எழுந்து நடக்கிறவர்களில் பலருக்கு மலச்சிக்கலோ வலியோ பாத்ரூம் போகும் அவசரமோ இருக்கும். துணியால் கட்டாமல் தூக்க மாத்திரையால் கட்டுகிற இடங்களும் இருக்கின்றன. பகல் பதினொரு மணிக்குப் போகும்போதெல்லாம் தூங்கிக்கொண்டே இருந்தால் மருந்துச் சீட்டை வாங்கிப் படியுங்கள். எந்த டாக்டர், எந்தத் தேதியில், எதற்காக எழுதினார் என்று கேளுங்கள்.

கேட்பதற்கு நோட்டு இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நோட்டு: எத்தனை மணிக்குத் திருப்பினார்கள், எவ்வளவு தண்ணீர், என்ன மருந்து, யார் கொடுத்தது. சேர்க்கும் நாளிலேயே உடல் முழுவதும் பார்த்து, எங்கே தழும்பு, எங்கே புண், நீளம் அகலம் எத்தனை செ.மீ. என்று ஸ்கேலால் அளந்து முதல் பக்கத்தில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால் நாளைக்குப் ‘புண்ணோடதான் வந்தாங்க’ என்பார்கள், அதை மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும்போதும் இதேபோல் அளக்க வேண்டும். புகார்கள் பெரும்பாலும் தோற்பது சட்டம் இல்லாததால் அல்ல, தேதியும் அளவும் இல்லாததால்.

புகார் சொல்வதற்கு முன் பெரியவரைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். ‘நீ போனப்புறம் என்னையத்தானப்பா திட்டுவாங்க’ என்ற பயம் உண்மையானது. அவர் வேண்டாம் என்றால் உடனே பாயாமல், வருகிற நாளையும் நேரத்தையும் மாற்றி மாற்றி அடிக்கடி போங்கள். ஊரில் உறவு இல்லையென்றால் பள்ளிவாசல் ஜமாத்திலோ கோயில் கமிட்டியிலோ சர்ச்சிலோ ஒருவரைப் போகச் சொல்லுங்கள். வெளி ஆள் எப்போது வருவார் என்று தெரியாத இல்லத்தில் துணி மாற்றுவது தள்ளிப்போகாது.

எழுத்தில் கொடுக்கும்போது முதல் மனு இல்ல நிர்வாகிக்கு. இரண்டு நகல், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து. மறுத்தால் டெலிவரி சான்றோடு ஸ்பீட் போஸ்ட். அடுத்தது மாவட்ட சமூக நல அலுவலர். முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள் சமூக நலத் துறையில் பதிவு செய்ய வேண்டும், அந்தச் சான்றிதழைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் ரசீதை வாங்காமல் வராதீர்கள். புண்ணை அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டி, அளவையும் ஆழத்தையும் ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லி நகலை இணையுங்கள். 14567 என்ற முதியோர் உதவி எண் காலை 8 முதல் இரவு 8 வரை. உயிருக்கு ஆபத்து என்றால் மனுவெல்லாம் பிறகு, 108-ஐக் கூப்பிடுங்கள். பணம் கட்டித் தங்குகிற இல்லம் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், இரண்டு வருடத்துக்குள். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. இலவச வக்கீலுக்கு 15100.

பிள்ளைகள் பணமே அனுப்பாத பெரியவர்களுக்கு 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. மனு வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயத்துக்கு, கடலாடி, முதுகுளத்தூர் பக்கத்தவர்களுக்குப் பரமக்குடி, ராமேஸ்வரம் பக்கத்தவர்களுக்கு ராமநாதபுரம். பெரியவரால் வர முடியாவிட்டால் அவர் எழுதிக்கொடுத்தவரோ பதிவு பெற்ற தொண்டு நிறுவனமோ மனுப் போடலாம். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம், 90 நாளில் முடிக்க வேண்டும், 30 நாள் ஒரே ஒரு முறை நீட்டிக்கலாம். மகன் துபாயில் இருக்கிறான் என்பது தடை இல்லை; வெளிநாட்டில் இருப்பவருக்கும் சம்மன் அனுப்ப வழி வைத்திருக்கிறது சட்டம். கோயில் வாசலிலோ ஆஸ்பத்திரியிலோ விட்டுவிட்டுப் போனால் 24ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டைத் தான செட்டில்மெண்டாக எழுதிக் கொடுக்கிறவர்கள், பராமரிக்கத் தவறினால் ரத்து என்ற வரியைப் பத்திரத்திலேயே சேர்க்க வேண்டும். 23ஆம் பிரிவில் அதைத் திரும்பப் பெறும்போது அந்த வரிதான் கை கொடுக்கும்.

இதே சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் அளவில் அரசு இல்லம் அமைக்கலாம் என்கிறது, கட்டாயமாக்கவில்லை. அதைக் கட்டாயமாக்கச் சொல்லித் தொகுதி எம்.எல்.ஏ., எம்.பி.யிடம் கேட்க வேண்டியது நாம். மத்திய அரசின் மாதிரி விதிகளில் ஆளுக்கு 7.5 சதுர மீட்டர், ஏறக்குறைய 80 சதுர அடி படுக்கை இடம் சொல்லியிருக்கிறது. தனியார் இல்லத்திலும் அந்த அளவை வைத்துக் கேளுங்கள்.

அரசின் முதியோர் உதவித்தொகை வாங்குகிறவரின் ஏ.டி.எம். கார்டு அவரிடமே இருக்க வேண்டும். இல்லம் எடுத்தால் ரசீது தர வேண்டும். ஓட்டும் போய்விடாது: இல்ல முகவரியிலேயே பட்டியலில் சேரலாம், 85 வயது தாண்டியவர்கள் 12டி படிவம் கொடுத்தால் தேர்தல் ஊழியர்கள் இருக்கிற இடத்துக்கே வருவார்கள்.

கடைசியாக மழைக்காலம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. புரட்டாசி முடிவதற்குள் உங்கள் இல்லத்தில் இவற்றைக் கேளுங்கள். நடக்க முடியாதவர்கள் பட்டியல் வாசலில் ஒட்டியிருக்கிறதா, அவர்களைத் தூக்க எத்தனை ஆண்கள், எந்த வண்டி, எந்தப் பள்ளிக்கூடம்? தரைத்தளத்தில் தண்ணீர் ஏறினால் கட்டில்கள் எங்கே போகும்? கரண்ட் போனால் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கும் மெஷின்) நின்றுவிடும். ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா, அதை வாரம் ஒரு முறை ஓட்டிப் பார்க்கிறார்களா, மாற்று சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா? இன்சுலினுக்கு ஐஸ் பெட்டி இருக்கிறதா? ஏழு நாள் மருந்தும் மருந்துச் சீட்டு நகலும் ஆதார் நகலும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒவ்வொருவர் தலைமாட்டிலும் தொங்க வேண்டும். அதில் எழுதியிருக்கும் போன் நம்பர் உங்களுடைய இப்போதைய நம்பர்தானா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.